ஆறு நிமிடம் நாற்பது நொடி

கண்ணாடியக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து உண்டு. கல்யாணத்துக்கு மட்டும் கிடையாது. அது அவளுக்கு நடக்கவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்கவுமில்லை. மற்றபடி தானாக ஓடுகிற கார், மூஞ்சியைப் பார்த்துத் திறக்கிற போன், ‘அதிர்ச்சி’ என்று தலைப்புப் போட்டுவிட்டு மூன்றாம் பத்தியில் ஒன்றுமில்லை என்று கைவிரிக்கிற இணையச் செய்தி, எதை எடுத்தாலும் அவளிடம் சுடச்சுட ஒரு அபிப்பிராயம் தயாராக இருக்கும்.

வயது ஐம்பத்து நாலு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பூட்டுவது வேலை. முப்பது வருஷமாக அதே மேஜை, அதே முக்காலி. மெஷின் மட்டும் நாலு தடவை மாறிவிட்டது, நாலையும் பற்றி அவள் பேசியிருக்கிறாள். கடையில் வைத்த பெயர்தான் கண்ணாடியக்கா.

தினமும் காலை ஆறு பத்துக்கு இரண்டாம் மாடி பால்கனியில் துணி காயப்போட வருவாள். ஒரு கையில் கிளிப், இன்னொரு கையில் போன். முந்தின நாள் படித்த தொழில்நுட்பச் செய்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு குடும்பக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவாள். நாலு நிமிடத்துக்குக் குறைந்து போட்டதாகச் சரித்திரம் இல்லை.

“ஏஐ பத்திச் சொல்றேன், கேட்டுக்கோங்க. அதுக்கு எல்லாம் தெரியுதாம். தெரியாதுன்னு சொல்ல மட்டும் தெரியலை. அந்த ஒண்ணு தெரியாத ஆளை நான் டீ வாங்கிட்டு வரக்கூட அனுப்ப மாட்டேன்.”

“மூஞ்சியைக் காட்டினா போன் திறக்குதாம். காலையில எந்திரிச்ச மூஞ்சியை நான் கண்ணாடிக்கே காட்டுறதில்லை, போனுக்கு எதுக்குக் காட்டணும்?”

குரூப்பில் அவளைச் சேர்த்து ஆறு பேர். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருக்கும் அண்ணன், பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்கான அண்ணி, வேறு ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் தம்பி, காலேஜில் படிக்கும் தம்பி மகள், கடல் தாண்டிக் கல்யாணமாகிப் போன தங்கச்சி. மெசேஜ் போய் அரை மணி நேரத்துக்குள் நாலு கட்டைவிரல் வந்துவிடும். சில நாள் ஐந்து நிமிட மெசேஜுக்குத் தம்பியின் கட்டைவிரல் பத்தே நொடியில் வரும். “அவன் சின்ன வயசிலேர்ந்தே எதையும் டக்குனு பிடிச்சுக்குவான்” என்று அக்கா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கட்டைவிரல் காட்டாத ஒரே ஆள் அண்ணி. அவள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பதில் எழுதுவாள். பத்தி பிரித்து, நம்பர் போட்டு, ஆபீஸ் கடிதம் மாதிரி. “இரண்டாவது நிமிடத்தில் நீ சொன்னது தவறு. நாலாவது நிமிடத்தில் அதையே மாற்றிச் சொல்கிறாய்.” அண்ணிக்குப் புதிதாக வருவது எல்லாமே பிடிக்கும். மின்விளக்கை அணைக்கக்கூட வாயால் உத்தரவு போடுகிற வீடு அது. அண்ணியின் பதிலைப் படித்ததும் அக்காவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு தெம்பு வருமோ, அன்று மாலை வரைக்கும் லென்ஸ் வெட்டிக்கொண்டே மறுபதில் யோசிப்பாள்.

நேரில் மட்டும் இரண்டு பேரும் பேசி நாலு வருஷமாகிறது. அதற்குக் காரணம் அக்காவின் வாய்தான், வேறு யாரும் இல்லை. அண்ணி ஒருநாள் ஏதோ லிங்கை அமுக்கப்போக, அவள் போனிலிருந்து பள்ளிக்கூடப் பெற்றோர் அத்தனை பேருக்கும் இலவச சைக்கிள் தருவதாகச் செய்தி போய்விட்டது. மறுநாள் முந்நூறு பேர் சைக்கிள் கேட்டு வாசலில் நின்றார்கள். அக்கா சும்மா இருந்திருக்கலாம். ‘படிச்சவங்களே லிங்கை அமுக்கினா’ என்று எட்டு நிமிடம் பேசினாள். பெயர் சொல்லவில்லை, அது வேறு ஒரு பெருமை. தம்பி மகள் அதைச் சிரிப்புக்குத் தோழிக்கு அனுப்ப, தோழி இன்னொருத்திக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அண்ணியை முன் கவுன்டரிலிருந்து எடுத்து, ஒரு மாதம் பழைய ஃபைல் அறையில் உட்கார வைத்தார்கள். அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்தார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை, வாய் வரவில்லை. எதையும் பேசுகிற வாய் அது ஒன்றுக்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

இப்படி இருக்கையில் ஒருநாள், கடைக்கு வந்த லென்ஸ் எல்லாம் கோணலாக வர ஆரம்பித்தது. பவர் பார்க்கும் மெஷினில் கண்ணை வைத்தால் நேராக இருக்க வேண்டிய கோடு நடுவில் வளைந்து நின்றது. அக்கா லென்ஸைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த ஜோடியும் வளைந்தது, அதையும் அனுப்பினாள். மூன்றாவது ஜோடிக்குச் சப்ளையரைக் கூப்பிட்டு, இந்தக் காலத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறது, அதனால்தான் இந்த லட்சணம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பதினொரு ஜோடி திரும்பிப் போன பிறகு முதலாளி உள்ளே வந்து அதே மெஷினில் பார்த்தார். “கோடு நேராத்தானே இருக்கு?” என்றார். அக்கா வலது கண்ணை வைத்துப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. இடது கண்ணை வைத்தாள். வளைந்தது.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. விழித்திரையின் நட்ட நடுவில் ஒரு ஓட்டை. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட வேண்டும். அந்தக் குமிழி ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் ஏழு நாள் இரவும் பகலும் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதை விட்டால் ஆறு வாரம் ஆகும், அதற்குள் ஓட்டை பெரிசாகிவிடும். அப்புறம் மூடுவது கஷ்டம்.

“மூடலைன்னா லென்ஸ் வேலை பார்க்க முடியுமா?” என்றாள் அக்கா.

“நடுப்பார்வை இருக்காதும்மா. கையெழுத்துப் போட, கூட இருந்து பார்த்துக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். ஆள் இல்லாம உள்ளே எடுக்க மாட்டோம். யார் இருக்காங்க?”

“குடும்பமே இருக்கு” என்றாள் அக்கா.

குடும்பம் இருந்தது. கேட்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எல்லாருக்கும் புத்தி சொல்லியே பழகிவிட்டவள். அண்ணன் நம்பரை அமுக்கி, அவர் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டு மழை வருமா என்று கேட்டாள். கடைசியில் திங்கள்கிழமை காலை துணி உதறும்போதுதான், தனக்குத் தடங்கலில்லாமல் வாய் ஓடுகிற ஒரே இடம் இதுதானே என்று பட்டது. போனை எடுத்தாள்.

“மூக்குக்கண்ணாடியிலேயே கேமரா வந்துடுச்சாம். நீங்க பார்க்கிறதை எல்லாம் அது படம் பிடிக்குமாம். முப்பது வருஷமா நான் கண்ணாடி பூட்டுறேன். எனக்குக் கண்ணு தெரியணும்னு வந்து நின்னவங்கதான் அத்தனை பேரும். நான் பார்த்தது அடுத்தவனுக்குத் தெரியணும்னு ஒருத்தரும் வந்ததில்லை…” இப்படி நாலே முக்கால் நிமிடம் போயிற்று. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “கண்ணுன்னதும் ஞாபகம் வருது. எனக்கு இடது கண்ணுல சின்னதா ஒரு ஓட்டை. பெரிசா ஒண்ணுமில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன், காலையில எட்டு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணுமாம். ஒரு வாரம் குப்புறக் கிடக்கணுமாம், அதுக்கும் ஒரு ஆள். முடிஞ்சவங்க வாங்க. முடியலைன்னாலும்… சரி, அந்தக் கேமராவுக்கு வர்றேன். அதுக்கு எப்படிச் சார்ஜ் போடுறது? மூக்கிலேர்ந்து கழட்டித்தானே போடணும்? அந்த நேரம் கண்ணு தெரியாதவன் என்ன பண்ணுவான்?”

மொத்தம் ஆறு நிமிடம் நாற்பது நொடி. ஆபரேஷனுக்கு அதில் அரை நிமிடம்கூட இல்லை. அனுப்பிவிட்டு, சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டு கிளிப்பைத் தூக்கியெறிந்தாள்.

ஏழு மணிக்குள் நாலு கட்டைவிரலும் வந்துவிட்டன.

அக்கா சோபாவில் உட்கார்ந்து அந்த நாலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு பேரும் வருகிறார்கள். கடல் தாண்டித் தங்கச்சிகூட வருகிறாள். ஒரு சின்ன ஓட்டைக்கு இத்தனை தூரம் பிளேன் ஏறி வரணுமா, எதிலும் நிதானம் கிடையாது இந்தப் பெண்ணுக்கு என்று வாய்விட்டே திட்டினாள். மனசு என்னவோ குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்குக் கடையில் முதலாளியிடம், “நாலு பேரு வர்றாங்க. வேண்டாம்னாக் கேட்டாத்தானே?” என்று அலுத்துக்கொண்டாள். போர்வை நாலையும் துவைத்தாள். எதிர்வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்தாள். யார் எங்கே படுப்பது என்பதில் மட்டும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, தம்பி குறட்டை விடுவான்.

அண்ணியிடமிருந்து அன்று பதில் வரவில்லை. மத்தியானம் மூன்று தடவை போனைத் திறந்து பார்த்தாள். கேமராக் கண்ணாடியை அண்ணி விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை, நம்பர் போட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எதிர்க்கக்கூட மனசில்லாமல் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் வலித்தது.

செவ்வாய்க்கிழமை தானாக ஓடும் காரைப் பற்றிப் போட்டாள், நாலு கட்டைவிரல். புதன்கிழமை பாஸ்வேர்டைப் பற்றி, நாலு கட்டைவிரல். போன் செய்து ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நேரில் பார்க்கப்போகிறோம், எதற்குப் போனில் என்று இருக்கிறார்கள் என்றாள் தனக்குத்தானே.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆஸ்பத்திரி மேஜை முன் நின்றாள்.

“துணைக்கு யாரும்மா?” என்றாள் மேஜைப் பெண்.

“நாலு பேர்.”

“ஒருத்தர் போதும்மா. எங்கே?”

“வந்துட்டிருக்காங்க.”

எட்டரை ஆயிற்று. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரையும் வலது கண்ணால் பார்த்தாள். எட்டே முக்காலுக்கு மேஜைப் பெண் எழுந்து அவளிடமே வந்தாள். ஒன்பதரைக்குள் கையெழுத்து ஆகவில்லை என்றால் அடுத்தவரை உள்ளே எடுத்துவிடுவார்கள் என்றாள். திட்டிச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். அக்கா அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

“மீட்டிங்ல இருக்கேன்க்கா, சொல்லு.”

“எங்கே வந்துட்டிருக்கே?”

“எங்கேயும் வரலையே. வீட்லதான் இருக்கேன்.”

“கட்டைவிரல் காட்டினியே.”

“எதுக்குக் காட்டினேன்?”

“திங்கக்கிழமை மெசேஜுக்கு.”

“என் பொண்ணு எங்க போன்ல எல்லாம் ஒரு செட்டிங் போட்டுக் குடுத்தாக்கா. நீளமா வாய்ஸ் வந்தா அதுவே கேட்டு ரெண்டு வரியில சுருக்கிக் குடுத்துடும். உன் மெசேஜுக்குன்னு இல்லை. பொதுவா.” அந்தப் ‘பொதுவா’வில் தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

“எப்போலேர்ந்து?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“திங்கக்கிழமைக்கு என்ன குடுத்துச்சு? படி.”

தம்பி படித்தான். “‘மூக்குக்கண்ணாடியில் கேமரா இருப்பதைப் பேசுபவர் விரும்பவில்லை. கண் நலனின் முக்கியத்துவத்தையும் வலியுறுத்துகிறார்.’”

அக்கா அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். “வலியுறுத்தினேனா?” என்றாள்.

“அப்படித்தான் போட்டிருக்கு. ஏன்க்கா, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. நீ மீட்டிங்கைப் பாரு.”

வைத்துவிட்டாள். தம்பி திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஆறு மணி நேரத் தூரத்தில் இருப்பவன் ஒன்பதரைக்கு எப்படி வருவான்? அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரு வருஷம், முந்நூற்றுச் சொச்சம் காலை, பால்கனியில் நின்று ஒரு மெஷினுக்குப் பேசியிருக்கிறாள். அவமானத்தைவிடப் பயம் பெரிசாக இருந்தது. எதிர்ச் சுவரில் வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகிற கண் பரிசோதனை அட்டை தொங்கியது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நடு எழுத்துகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“இன்ஷூரன்ஸ் கார்டு எங்கே?”

நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணி அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கையில் ஒரு துணிப்பை, தோளில் இன்னொரு பை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்கா அவசரமாக எழுந்தாள். கார்டை எடுத்து நீட்டினாள். அண்ணி மேஜைக்குப் போய், படிவத்தை ஒரு வரி விடாமல் படித்து, மேஜைப் பெண்ணிடம் இரண்டு தப்பு கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டாள். மணி ஒன்பது பதினெட்டு.

“அண்ணன்…” என்றாள் அக்கா.

“வாசல்ல நிக்கிறாரு. அவருதான் வண்டியில கொண்டாந்து விட்டாரு. உள்ளே வந்தா ஊசியைப் பார்த்ததும் விழுந்துடுவாரு, ரெண்டு பேரை என்னால பார்க்க முடியாது.” அண்ணி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “நாலு பேரும் கட்டைவிரலைக் காட்டியிருந்தாங்க. சரி, அவங்க போறாங்க, நம்ம எதுக்குன்னு இருந்தேன். காலையில இவரு டிப்போவுக்குக் கிளம்பினாரு. ஆஸ்பத்திரிக்கா இந்தச் சட்டைன்னு கேட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னாரு.”

“நீங்க முழுசாக் கேட்டீங்களா?”

“கேட்காம?”

“அந்தச் செட்டிங் உங்க போன்ல இல்லையா?”

“இருக்கு. எனக்குத்தான் முதல்ல போட்டுக் குடுத்தா.” அண்ணி முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “சுருக்கத்தை வெச்சுக்கிட்டு உன்கூட எப்படிச் சண்டை போடுறது?”

நர்ஸ் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அண்ணி அவளைக் கேட்கவே கேட்காமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் தலையணையை வைத்து, நெற்றியை அதில் முட்டக் கொடுத்து உட்கார வைத்தாள். திங்கள்கிழமை மெசேஜை முழுசாகக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தம்பி வந்தான், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து, அத்தையின் முகத்தை அண்ணாந்து பார்த்து அழுதாள். செட்டிங்கை எல்லார் போனிலும் எடுத்துவிடுகிறேன் என்றாள். “எடுக்காதே” என்றாள் அக்கா கீழ்நோக்கி. “அப்புறம் உங்கப்பன் கட்டைவிரலே காட்ட மாட்டான்.” தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கச்சி போனில் அரை மணி நேரம் அழுதாள். அண்ணன் சமையலறைக்குள் போனவர் பாத்திரம் கழுவுகிறேன் என்று வெளியே வரவேயில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டில் இரண்டு பேர்தான். அண்ணி லீவு போட்டிருந்தாள். போனில் செய்தி படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் தப்பான அபிப்பிராயமும் சேர்த்துச் சொன்னாள். அக்கா தரையைப் பார்த்தே மறுத்தாள். கேமராக் கண்ணாடிக்கு மட்டும் இருபது நிமிடம் போயிற்று. “ராத்திரி அதைப் போட்டுக்கிட்டா தூங்கப்போறான்? கழட்டிச் சார்ஜ் போடட்டும், அதுல என்ன கஷ்டம்?” என்றாள் அண்ணி. அது சரிதான் என்பதில் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

செய்தி தீர்ந்துபோய் அண்ணி போனைக் கீழே வைத்தாள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு டைல்ஸும் அண்ணியின் இரண்டு பாதமும்தான். அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்த லிங்க் விஷயத்துல நான் பேசினது தப்பு, அண்ணி.”

பாதம் இரண்டும் நாற்காலிக்கு அடியில் போயின.

“இதைச் சொல்ல நாலு வருஷமா?”

“மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வரலை. இப்பத்தான் பார்க்க முடியாதே.”

“ஒரு மாசம் அந்த ஃபைல் ரூம்ல இருந்தேன். தினம் தூசியில தும்மித் தும்மி வந்தேன். உன் குரல் பள்ளிக்கூடம் பூரா எல்லார் போன்லயும் ஓடுச்சு. சின்னப் பிள்ளைங்ககூட உன்னை மாதிரியே பேசிக்காட்டுச்சுங்க.”

“தெரியும்.”

“தெரியும்னா அன்னைக்கே வந்திருக்கணும்.”

“வந்திருக்கணும்.”

அக்கா அழுதாள். குனிந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்குவதில்லை, கட்டுப் போடாத கண்ணிலிருந்து நேராக டைல்ஸில் சொட்டுகிறது. ஒரு பாதம் நீண்டு வந்து, கால்மிதியை அந்த இடத்துக்கு இழுத்துப் போட்டது.

“என்கிட்ட நேரா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் இல்ல?” என்றாள் அண்ணி. “அதை விட்டுட்டுக் கேமராவுக்கு நடுவுல கொண்டுபோய் ஒளிச்சு வெக்கிறே.”

“கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?”

அண்ணி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

“நல்லாத் திட்டிட்டு வந்திருப்பேன்.”

“இன்னும் கோபம் இருக்கா?”

அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்குத் தாங்க முடியாமல் வந்தது. நெற்றியைத் தலையணையிலிருந்து மெல்ல எடுத்தாள். அதற்குள் பிடரியில் ஒரு கை வந்து விழுந்து, திரும்பக் கீழே அமுக்கியது. அமுக்கின கை அங்கேயே இருந்தது.

“இருக்கு” என்றாள் அண்ணி. “அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ தலையைத் தூக்காதே.”